எஸ்எஸ்டி 100% நிரம்பிடுச்சு, ஆனா ஃபைலைக் காணோம்

மாங்கூழ்_கணக்கு, கிருஷ்ணகிரி:
உபுண்டு, 240 ஜிபி எஸ்எஸ்டி, ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4. தினம் ராத்திரி 8 மணிக்கு கிரான்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டுறது) ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பேர்ல ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஓடும். 92 ஜிபி ஹோம் ஃபோல்டரை ஆர்சிங்க்ங்கிற நகலெடுக்கிற கருவி மூலமா வெளி ஹார்ட் டிஸ்குக்கு எடுக்கும். டிஸ்க் மவுண்ட் ஆகிற (ஃபோல்டரா வந்து ஒட்டுற) இடம் /எம்என்டி/பேக்கப். எஃப்எஸ்டேப்ல (மவுண்ட் பட்டியல்) நோஃபெயில் இருக்கு, டிஸ்க் இல்லேன்னாலும் பூட் ஆயிடும். இன்னிக்குக் காலைல "இடம் இல்லை"ன்னு வருது. மொத்த இடத்தைச் சொல்ற டிஎஃப் 100% காட்டுது, ஃபைல் ஃபைலா கூட்டுற டியூல -எக்ஸ் (இந்த எஸ்எஸ்டி மட்டும்) போட்டுக் கூட்டினா 116 ஜிபிதான். மீதி எங்கங்க போச்சு?

ராயக்கோட்டை_ரூட்:
நேத்து ராத்திரி டிஸ்க் மாட்டியிருந்துச்சா?

மாங்கூழ்_கணக்கு:
இல்லைங்க. சாயங்காலமே கழட்டியாச்சு. இப்பதான் மறுபடி மாட்டினேன்.

ராயக்கோட்டை_ரூட்:
அதாங்க விஷயம். டிஸ்க் இல்லேன்னா /எம்என்டி/பேக்கப் எஸ்எஸ்டில இருக்கிற வெறும் ஃபோல்டர். ஆர்சிங்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காலியா இருக்கேன்னு மொத்தத்தையும் முதல்ல இருந்து அதுக்குள்ள கொட்டிடும். 116 + 92 = 208. 240 ஜிபிங்கிறது டிஎஃப் கணக்குல (1024 மடங்கு) சுமார் 223தான். அதுல எக்ஸ்ட்4 ரூட்டுக்குன்னு ஒதுக்குற 5% போக உங்க எஸ்எஸ்டில மிஞ்சுறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இப்ப டிஸ்கை மேல மவுண்ட் பண்ணிட்டதால அடில கிடக்கிறது டியூ கண்ணுக்குப் படல.

பார்க்கணும்னா, எஸ்எஸ்டியை மட்டும் /அடிங்கிற இன்னொரு ஃபோல்டர்லயும் காட்டச் சொல்லி அங்க பாருங்க:
சூடோ எம்கேடிஐஆர் /அடி
சூடோ மவுண்ட் --பைண்ட் / /அடி
சூடோ டியூ -எஸ்ஹெச் /அடி/எம்என்டி/பேக்கப்

அழிக்கிறதும் /அடி வழியாத்தான். பழக்கதோஷத்துல நேரா /எம்என்டி/பேக்கப்ல ஆர்எம் போட்டா போறது நிஜ பேக்கப்.

தொப்பூர்_கணவாய், தர்மபுரி:
அழிக்கிறதுக்கு முன்னாடி டிஸ்க் மாட்டியிருக்கும்போதே ஸ்கிரிப்டை ஒரு தடவை கையால ஓட்டிடுங்க. ஸ்கிரிப்ட் தலைல, ஆர்சிங்குக்கு மேல இதைப் போடுங்க, டிஸ்க் மவுண்ட் ஆகலேன்னா ஸ்கிரிப்ட் அங்கயே நின்னுடும்:

மவுண்ட்பாயிண்ட் -க்யூ /எம்என்டி/பேக்கப் || எக்ஸிட் 1

நோஃபெயிலை எடுத்துடாதீங்க. எடுத்தா டிஸ்க் இல்லாத அன்னிக்கு பூட் பாதில நிக்கும். ஸ்கிரிப்ட்ல --டெலீட் (சோர்ஸ்ல இல்லாததை பேக்கப்லயும் அழிக்கிறது) இருக்கா? இருந்தா சோர்ஸ் ஃபோல்டரும் காலியா இல்லையான்னு ஒரு சோதனை வைங்க. காலி சோர்ஸோட ஓடினா பேக்கப்பும் காலி.

மாங்கூழ்_கணக்கு:
சரியா 92 ஜிபி கிடந்துச்சுங்க! டிஸ்குக்கு ஒரு தடவை ஓட்டிட்டு, /அடி வழியா அழிச்சாச்சு. டிஎஃப் 56% காட்டுது. அந்த வரியும் போட்டாச்சு. --டெலீட் இல்லை. வேற ஸ்கிரிப்ட் ஏதாவது தெரியாம எழுதிட்டா?

ராயக்கோட்டை_ரூட்:
டிஸ்கை யுமவுண்ட் (மவுண்டை எடுக்கிறது) பண்ணிட்டு, வெறும் ஃபோல்டர் மேல இந்தப் பூட்டைப் போடுங்க: சூடோ சிஹெச்ஆட்டர் +ஐ /எம்என்டி/பேக்கப். இனி ரூட்டே எழுதினாலும் மறுத்துடும். டிஸ்க் மவுண்ட் ஆனா வழக்கம்போல எழுதும். யுமவுண்ட் பண்ணாம போட்டா பூட்டு டிஸ்க் மேல விழுந்துடும். அப்புறம் அங்க புது ஃபைலே உருவாகாது. அப்படி ஆனா -ஐ போட்டு எடுங்க. கடைசியா சூடோ யுமவுண்ட் /அடி, மறக்காதீங்க.