[கலைச்சொல்] ‘பாயிண்டர் ஃபைல்’: சுட்டியா, சுட்டா, சீட்டா?

அனைவருக்கும் வணக்கம்.

கிட் எல்எஃப்எஸ் கையேட்டின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். (கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும் மென்பொருள், எல்எஃப்எஸ் அதில் பெரிய கோப்புகளுக்கான துணைக்கருவி.) ‘பாயிண்டர் ஃபைல்’ ஒன்றுதான் முடிவாகாமல் நிற்கிறது, அதுவோ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

பொருள் இதுதான். கோப்பு எத்தனை முறை மாறினாலும் அத்தனை பதிப்பையும் கிட் வைத்துக்கொள்ளும். 80 எம்பி வீடியோவைப் பத்து முறை மாற்றி கமிட் செய்தால் (பதிப்பாகப் பதிவுசெய்தால்), அது ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு என்பதால் கிட்டால் மேலும் சுருக்க முடியாது. களஞ்சியத்தை, அதாவது எல்லாப் பதிப்பும் உள்ள தொகுப்பை, க்ளோன் செய்கிற (முழுப் படி எடுக்கிற) ஒவ்வொருவரும் ஏறத்தாழ 800 எம்பி இறக்கியாக வேண்டும். எல்எஃப்எஸ் போட்டால் வீடியோ தனிக் கிடங்குக்குப் போய்விடும், களஞ்சியத்தில் மூன்று வரி உரைக்கோப்புதான் இருக்கும். முதல் வரி வெர்ஷன். இரண்டாவது ஓஐடி என்ற அடையாளம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஷா-256 என்ற கணக்கீடு தரும் 64 எழுத்து. மூன்றாவது உண்மையான கோப்பின் அளவு, பைட்டில். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 130 பைட் வரும். இந்தக் குட்டிக் கோப்புக்குத்தான் பெயர் வேண்டும். ‘சுட்டிக்கோப்பு’ சரியா?

– ம.

——

ம. அவர்களுக்கு,

‘சுட்டி’ வேண்டாம். மவுஸும் சுட்டி, லிங்க்கும் சுட்டி, சி மொழிப் பாடத்தில் பாயிண்டரும் சுட்டி. ஒரே சொல்லில் இதற்கு மேல் பாரம் ஏற்ற முடியாது.

வேரை எடுத்துக்கொள்வோம்: சுட்டு. ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியம் எப்போதோ வரையறுத்துவிட்டது. பொருள் எட்ட இருக்கிறது, இங்கே இருப்பது அதைக் காட்டும் குறி மட்டும். எனவே ‘சேய்மைச்சுட்டு’. ‘கோப்பு’ என்ற ஒட்டுகூடத் தேவையில்லை.

– செ.

——

செ. ஐயா சொன்னதில் ஒரு திருத்தம். பொருள் எப்போதும் சேய்மையில் இல்லை. சர்வரில் ஒன்று, வேலை செய்யும் கோப்புறையில் ஒன்று, இரண்டுக்கும் நடுவில், கிட் தன் தரவை வைக்கும் டாட்கிட் கோப்புறைக்குள் எல்எஃப்எஸ் வைத்திருக்கும் உள்ளூர்ப் படி ஒன்று. ஆக மூன்று இடம். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் ‘உது’ வழக்கில் உண்டு. சர்வரில் உள்ளது அது, கையில் உள்ளது இது, நடுவில் உள்ளது உது. மூன்று சுட்டும் பொருந்தும்போது ‘சேய்மை’ என்று ஒன்றை மட்டும் கட்டிவைப்பது பிழை. ‘சுட்டுக்கோப்பு’ என்று பொதுவாக விடலாம்.

– க.

——

வகுப்பறையிலிருந்து ஒரு குரல். எல்எஃப்எஸ் நிறுவாமல் மாணவர் க்ளோன் செய்கிறார். படத்தைத் திறந்தால் ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று வருகிறது. அழித்துவிட்டு மறுபடி க்ளோன் செய்கிறார், மறுபடியும் அதே. படம் சிதையவில்லை, அது வந்து சேரவே இல்லை என்று அந்த நேரத்தில் சொல் உணர்த்த வேண்டும். ‘சேய்மைச்சுட்டு’ என்றால் இலக்கண வகுப்பு என்று நினைப்பார்கள்.

அடகுச் சீட்டை நினையுங்கள். கையில் சீட்டு, கடையில் நகை. சீட்டில் எண்ணும் எடையும் இருக்கும். இங்கே ஓஐடியும் சைஸும். ‘உன்னிடம் இருப்பது சீட்டு, பொருளை மீட்டு வா’ என்றால் கிட் எல்எஃப்எஸ் இன்ஸ்டால், பிறகு கிட் எல்எஃப்எஸ் புல் (உண்மையான கோப்பை இறக்கும் கட்டளை) என்று கை தானாகப் போகும். என் பரிந்துரை ‘சீட்டுக்கோப்பு’.

– வ.

——

வ. அம்மாவின் உவமை அழகு. ஆனால் ‘சீட்டு’ என்றதும் ஏலச்சீட்டும் சீட்டாட்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

இலக்கணத்தில் வரும் தொகையை, அதாவது உருபு மறைந்து நிற்கும் சொற்றொடரை, யாரும் எண்ணிப் பார்க்கவில்லையே! ‘பால்குடம்’ என்பதில் ‘ஐ’ உருபும் ‘கொண்ட’ என்ற பயனும் மறைந்திருக்கின்றன. விரித்தால் ‘பாலைக் கொண்ட குடம்’. நம் மூன்று வரிக் கோப்பும் அப்படித்தான். கிட் ஆட் செய்யும்போது (கமிட்டுக்குக் கோப்பைச் சேர்க்கும்போது) ‘கிளீன்’ வடிகட்டி பெரிய கோப்பைத் தொகுக்கிறது, செக்அவுட்டின்போது (கோப்பை வேலைக் கோப்புறைக்கு எடுக்கும்போது) ‘ஸ்மட்ஜ்’ வடிகட்டி விரிக்கிறது. தொகுத்தல், விரித்தல் இரண்டும் செய்யுள் விகாரங்களில் ஏற்கெனவே உள்ளவை. கோப்புக்குத் ‘தொகைக்கோப்பு’.

– செ.

——

தொகை என்றால் ஊரில் பணம், தொகுத்தல் என்றால் கம்பைல். வேண்டாம் ஐயா.

சொல்லை விட அவசரமான ஒன்று: வரைவில், எந்தக் கோப்புகள் எல்எஃப்எஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ‘டிராக்’ கட்டளைக்கு ‘பின்தொடர்’ என்று உள்ளது. அதைப் படிப்பவர் பழைய கமிட்டுகளும் சரியாகிவிடும் என்று நம்புவார். ஆகாது. டிராக் செய்வது இனி சேர்க்கும் பதிப்புகளுக்குத்தான் பொருந்தும். முன்பு கமிட் ஆனவை களஞ்சியத்திலேயே கிடக்கும். களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. அது வரலாற்றில் எங்கே ஒளிந்திருந்தாலும் புஷ் (அங்கே அனுப்புவது) தடைபடும். அப்போது பழைய கமிட்டுகளையும் எல்எஃப்எஸ்ஸுக்கு மாற்றும் மைக்ரேட் இம்போர்ட் கட்டளையை ஓட்ட வேண்டும். ஓட்டினால் கமிட் எண்கள் மாறும், ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் உள்ள வரலாற்றை மாற்றி எழுதும் புஷ்) தேவைப்படும், குழுவில் எல்லோரும் புதிதாக க்ளோன் செய்ய வேண்டும். இந்த எச்சரிக்கை தமிழில் ஒரு வரியாகச் சுருங்கியிருக்கிறது, மூலத்தின்படி விரித்து எழுதுங்கள்.

மாதிரிக் கட்டளையில் "*.எம்பி4" என்பதன் மேற்கோள் குறியும் விடுபட்டுள்ளது. குறி இல்லாவிட்டால் அப்போது கோப்புறையில் இருக்கும் கோப்புப் பெயர்களை, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் இட்டு நிரப்பிவிடும். நாளைக்கு வரும் வீடியோ எல்எஃப்எஸ்ஸில் சேராது.

பெயருக்கு என் வாக்கு ‘சுட்டுக்கோப்பு’.

– இ.

——

திருத்தங்களைச் சேர்த்துவிட்டேன், மேற்கோள் குறி உட்பட. ‘டிராக்’ இப்போதைக்கு ‘எல்எஃப்எஸ்ஸில் பதிவுசெய்’.

க., இ., நான் மூவரும் ‘சுட்டுக்கோப்பு’. அத்தியாயத்தில் முதலில் வரும் இடத்தில் ‘பாயிண்டர் ஃபைல் எனப்படும் சுட்டுக்கோப்பு’ என்று எழுதுகிறேன். கிளீன், ஸ்மட்ஜ் இரண்டும் இந்தப் பதிப்பில் ஒலிபெயர்ப்பாகவே போகட்டும், செ. ஐயாவின் தொகுத்தல்–விரித்தலைத் தனி இழையாகத் தொடங்கலாம்.

– ம.

——

கையேட்டுக்குச் சரி. ஆனால் ‘சுட்ட’ என்றால் மாணவர் காதில் தோசையும் துப்பாக்கியும்தான் விழும். வகுப்பில் நான் சீட்டு என்றே சொல்வேன். அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எடுங்கள்.

– வ.