கம்பத்து உச்சியில் இருக்கும் இந்தப் பழைய சைரன் எந்த மாடல்?

கேள்வி: இலினாய்ஸில் ஒரு சின்ன ஊரின் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால், மரக்கம்பத்தின் மேல் சதுர வாய் வைத்த ஒற்றைக் கொம்பு சைரன், மஞ்சள் பெயின்ட் உரிந்துபோய் நிற்கிறது. பெயர்த்தகடு கண்ணுக்கு எட்டவில்லை. கிரைஸ்லர் கார் நிறுவனம் செய்த வான்தாக்குதல் எச்சரிக்கை சைரனாக இருக்குமோ?

பதில்: வாய்ப்பே இல்லை. கிரைஸ்லருக்கு ஆறு கொம்பு, 180 குதிரைத்திறன் வி8 எஞ்சின், மரக்கம்பம் தாங்குமா என்ன! கம்பத்தின் அடியைப் பாருங்கள். அங்கே ஒரு பெட்டியும் அதிலிருந்து மேலே ஏறும் தடித்த குழாயும் இருந்தால் ஃபெடரல் நிறுவனத்தின் தண்டர்போல்ட் சைரன்தான், 1950களில் வந்த சரக்கு. பெட்டிக்குள் இருக்கும் ஊதுகருவி காற்றை மேலே தள்ளும், அதை ரோட்டர் என்ற சுழலும் சக்கரம் நறுக்கி ஒலியாக்கும், கொம்பும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கேட்டவர்: பெட்டி இருக்கிறது, குழாயும்! சரி, அதில் எந்த மாடல்?

இன்னொரு பதில்: அதற்குக் காதுதான் வேண்டும். ஒற்றைச் சுருதி என்றால் 1000. இரண்டு சேர்ந்து ஒலித்தால் 1000டி. இரண்டையும் மாற்றி மாற்றி ஊதினால் 1003. சோதனைக்காக ஊதும்போது கேட்டுப் பாருங்கள்: சிகாகோவில் மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்குச் சைரன் சோதனை, உங்கள் ஊரில் எப்போது என்று நிலையத்திலேயே விசாரியுங்கள். அப்புறம், கம்பத்தடியில் போய் நிற்காதீர்கள், 100 அடி தள்ளியே 120 டெசிபலைத் தாண்டும்.