விஎஸ் கோட் டார்க் தீமில் கமெண்ட் வரிகளே தெரியவில்லை, என்ன செய்வது?

கேள்வி:
கோடு எழுதும் விஎஸ் கோட் எடிட்டரில் இரண்டு வருடமாக சோலரைஸ்டு டார்க் தீம்தான் (கரும்பின்னணி நிறத்தொகுப்பு) வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து நைட் ஷிஃப்ட், வெள்ளைத் திரை என்றால் கண் கூசும். போன மாதம் கண்ணாடி மாற்றப் போனபோது சிலிண்டர் பவர் (ஆஸ்டிக்மாடிசம், அதாவது கருவிழி வளைவின் கோணலுக்கான பவர்) கூடியிருக்கிறது என்றார்கள். அதிலிருந்து கமெண்ட்டை, அதாவது கோடுக்கு நடுவே எழுதும் விளக்கக் குறிப்பைப் படிக்க மானிட்டருக்குள் மூக்கை விடவேண்டியிருக்கிறது. சரி என்று டார்க் ஹை கான்ட்ராஸ்ட்டுக்கு மாறினால் அது அதைவிட மோசம்: கன்னங்கறுப்பில் வெள்ளை எழுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஈசல் மொய்த்த ட்யூப்லைட் மாதிரி ஒரு மங்கல். கோளாறு கண்ணாடியிலா தீமிலா?

பதில் 1:
கமெண்ட் விஷயத்தில் தீம்தான். அளந்தே பார்த்துவிடலாம். கர்சரை ஒரு கமெண்ட்டின் மேல் வைத்து, கண்ட்ரோல் ஷிஃப்ட் பி அடித்து, 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ்' கொடுங்கள். வரும் பெட்டியில் கான்ட்ராஸ்ட் ரேஷியோ (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) இருக்கும். சோலரைஸ்டு டார்க்கில் கமெண்ட்டுக்கு 2.8 அளவில்தான் வரும். டபிள்யூசிஏஜி என்ற, எல்லோரும் படிக்கும்படி திரையை அமைப்பதற்கான வழிகாட்டியின் ஏஏ அளவுகோலில் சாதாரண எழுத்துக்கு 4.5 ஆவது வேண்டும். கமெண்ட் ஒதுங்கி நிற்கட்டும் என்று வைத்த நிறம் அது. அடுத்தவர் எழுதிய கோடில் நான் முதலில் தேடுவதே கமெண்ட்டைத்தான், அதைப் போய் ஏன் ஒளித்துவைக்கிறார்களோ!

இந்தத் தீமிலேயே இருக்கலாம். செட்டிங்ஸ் ஜேசன் கோப்பில், எடிட்டர் டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸில் (டோக்கன் என்பது கோடின் ஒவ்வொரு துண்டு) தீமின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு (போடாவிட்டால் எல்லாத் தீமிலும் மாறிவிடும்) கமெண்ட்ஸ் நிறத்தை மட்டும் சிவப்பு 147, பச்சை 161, நீலம் 161 ஆக்குங்கள். அதே தீமின் இன்னொரு சாம்பல்தான், 5.6 வரும். ஏதாவது ஒரு நிறத்தைப் போட்டு அதன்மேல் மவுஸை வைத்தால் நிறம் பொறுக்கும் பெட்டி திறக்கும்.

பதில் 2:
எனக்கும் சிலிண்டர் பவர்தான். இருட்டான திரையைப் பார்க்கும்போது கண்ணின் பாப்பா விரியும், விரிய விரிய கருவிழி வளைவில் இருக்கும் கோணல் எழுத்தைக் கூடுதலாகக் கலைக்கும். கறுப்பில் வெள்ளை என்றால் ரேஷியோ 21, அதற்கு மேல் கிடையாது, ஆனால் நம் கண்ணுக்கு அது கொண்டாட்டம் இல்லை. எனக்கு 7 முதல் 10 வரை சுகம். அப்புறம் சோலரைஸ்டு டார்க்கில் கமெண்ட் சாய்வெழுத்தில் வரும், ஃபான்ட் ஸ்டைலைக் காலியாக விட்டால் நிமிர்ந்துவிடும். அறையில் ஒரு விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள், இருட்டில் உட்காராதீர்கள்.

கேட்டவர்:
கமெண்ட் பளிச்சென்று வந்துவிட்டது, நன்றி! லைன் நம்பரையும் அதே இடத்தில் போட்டுப் பார்த்தேன், அசையவில்லையே?

பதில் 1:
லைன் நம்பர் டோக்கன் கணக்கில் வராது. வொர்க்பெஞ்ச் கலர் கஸ்டமைசேஷன்ஸ் என்று தனியாக இருக்கும், அதில் எடிட்டர் லைன் நம்பர் ஃபோர்கிரவுண்ட். அப்படியே நாலு வரியை செலக்ட் செய்தும் பாருங்கள். செலக்ஷன் நிறம் பின்னால் வந்தால் ரேஷியோ இறங்கிவிடும், இன்ஸ்பெக்ட் பெட்டி அதைக் காட்டாது.

கேட்டவர்:
மாறிவிட்டது. செலக்ஷனையும் கொஞ்சம் இருட்டாக்கினேன். சாய்வெழுத்துதான் பாதித் தொல்லை போலிருக்கிறது. ட்யூப்லைட்டும் விடிய விடிய எரிகிறது, அம்மாதான் கரண்ட் பில் என்கிறார்.