மயிலாப்பூரிலிருந்து தரமணிக்குத் தினமும் ஒரு பழைய ஸ்பிட்ஃபயர்: ஓட்டலாமா?

கேள்வி – மயிலை வடக்கு மாடவீதி

என் பெரியப்பா வைத்திருந்த 1968ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஸ்போர்ட்ஸ் கார் இப்போது என் பெயருக்கு மாறியிருக்கிறது. 1296 சி.சி. இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கின்றன. ஆனால் இடது கதவின் அடியில் பட்டி வெடித்துத் துரு தெரிகிறது, இருக்கைகளுக்கு உள்ளூரில் தைத்த ரெக்சின் உறை போட்டிருக்கிறது, ஸ்டியரிங் வீல் வேறு ஏதோ காருடையது. முழுமையாகப் புதுப்பித்துக் கண்காட்சிக்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள், இல்லையென்றால் மூடி வையுங்கள் என்கிறார்கள். இரண்டிலும் எனக்கு மனமில்லை; இந்தக் காரில்தான் தினமும் அலுவலகம் போய்வர விரும்புகிறேன். நம் ஊர் வெயிலையும் ஐப்பசி மழையையும் இது தாங்குமா? எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

பதில் 1 – பெருங்களத்தூர் ஹெரால்டு

தம்பி, தாராளமாக ஓட்டுங்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வடிவமைத்த டிரையம்ஃப் ஹெரால்டு காரின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுருக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். அந்த ஹெரால்டை ஸ்டாண்டர்டு நிறுவனம் இங்கே வண்டலூர்ப் பக்கத்தில் தயாரித்ததால், உங்கள் காரின் அடிப்பாகம் இந்த ஊரின் மூத்த மெக்கானிக்குகளுக்குப் புதியதல்ல. வெளுத்த பெயிண்டும் தைத்த ரெக்சினும் யாரையும் நடுரோட்டில் நிறுத்திவிடாது. உங்கள் முதல் கவனம் முன்சக்கரங்களின் டிரன்னியனில் இருக்கட்டும்.

முன்பக்கமாகச் சாயும் அந்தப் பெரிய பானட்டைத் திறந்து, சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து பாருங்கள். செங்குத்தாக நிற்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளை உறைக்குள் திருகி நிற்கும்; அந்த உறைதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். பழக்கதோஷத்தில் பல மெக்கானிக்குகள் கிரீஸை அடித்துவிடுகிறார்கள். அது இறுகி, அடி மரை வரை இறங்காமல் நின்று, மழைநீர் புகுந்து துருவேறி, கடைசியில் தண்டே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பக்கத்தில் நின்று ஆயில் ஏற்றச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் தவறாமல் செய்யுங்கள்.

பதில் 2 – அண்ணா நகர் மேற்கு

ஆர்.சி. விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை விண்டேஜ் வகையில் பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது; கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிந்த வாகனத்தை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட அந்த விதியே தடை விதிக்கிறது. ஆகவே, தினமும் ஓட்டுவதென்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்; ஏஜென்ட் யாராவது ஆசைகாட்டினாலும் மாற்றாதீர்கள்.

பிரேக் சர்க்யூட் (பிரேக் ஆயில் ஓடும் பாதை) ஒற்றையா இரட்டையா என்பதையும் பாருங்கள். ஒற்றையாக இருந்தால் ஒரு ஹோஸ் வெடித்தாலே நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சந்திப்பின் நெரிசலில் அது நடக்கக் கூடாது. ரப்பர் ஹோஸ்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

பதில் 3 – திருவான்மியூர் கடற்கரை

வெயிலைவிடப் பெட்ரோல்தான் இப்போது பெரிய தொல்லை. பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அது ஊறவைத்து இளக்கிவிடும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் துருவையும் உண்டாக்கும். எத்தனால் ஏறத்தாழ 78 டிகிரியிலேயே கொதிப்பதால், கத்திரி வெயிலில் சிக்னலில் நின்று கிளம்பும்போது குழாயில் ஆவி அடைத்து இன்ஜின் திணறலாம். எத்தனால் தாங்கும் வைட்டான் குழாய்களைப் போடுங்கள். இன்ஜினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர்களுக்கும் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால்தான் டேங்க் கெடும். அந்த வகையில் தினமும் ஓட்டுவது நல்லதே.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முதலில் டிரன்னியனையும் பிரேக் ஹோஸ்களையும் பார்த்துவிடுகிறேன். கதவின் துருவை அடுத்த கோடை வரை விட்டுவைக்கலாமா?

பதில் 1 – பெருங்களத்தூர் ஹெரால்டு

கதவுத் துரு காத்திருக்கும், தம்பி. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பகுதியில் துரு இருந்தால் காத்திருக்காது. ஹெரால்டில் பாடியின் பாரத்தைச் சேஸிஸே தாங்கும். ஸ்பிட்ஃபயரில் சேஸிஸின் பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டதால் சில்களும் சேர்ந்தே தாங்குகின்றன. தரைவிரிப்பைத் தூக்கி, சில்லும் தரைத்தகடும் சேரும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது பட்டி பூசி மறைக்கும் வேலையல்ல. சில்லை வெட்டி மாற்றுவதற்கு முன் கதவின் திறப்பில் குறுக்கே கம்பி வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, பிறகு கதவு சரியாக மூடாது. அந்த வேலை முடியும்வரை மட்டும் அலுவலகத்துக்குப் பறக்கும் ரயிலில் போய்வாருங்கள்.