ரீமேப் போட்டவங்க அனுபவம்: இன்ஜினுக்கு மட்டுமா, கியர்பாக்ஸுக்கும் சேத்தா?

தோவாளைக்காரன்:

ரெண்டு வருசமா மனசுல கெடந்து உறுத்துது, அதான் எழுதுதேன். வண்டி ஆக்டேவியா 1.8, ஏழு கியர் டிஎஸ்ஜி, ரெண்டு கிளட்ச் வச்சுத் தானா கியர் மாறுற பெட்டி. ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டது, அதாவது பார்ட்ஸ் ஒண்ணும் மாத்தாம இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேரை (மேப்) மட்டும் மாத்தி எழுதி பவரைக் கூட்டுறது.

ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம். ஆடிக் காத்து, ஸ்டீரிங்கைப் பிடிச்சு இழுக்கு. முன்னால காத்தாலை இறக்கை ஏத்தின ட்ரெய்லர் ஊர்ந்து போகு. இறக்கையோட வால் வண்டிக்கு வெளிய நீட்டிட்டு நிக்கி, அதுல ஒரு செவப்புத் துணி கட்டியிருக்கு. எதிர்ல ரோடு காலி. நாலாவது கியர்ல மிதிச்சேன். மிதிச்சப்ப அந்தத் துணி என் பானெட்டுக்கு நேரா ஆடிட்டு இருந்துச்சு. ஆர்பிஎம் முள்ளு 2500ல இருந்து 4000க்கு ஒரே சாட்டம். இன்ஜின் கத்துது, வண்டி போகல. அஞ்சு செகண்டு கழிச்சுப் பாத்தா அந்தத் துணி என் கதவுக் கண்ணாடிகிட்டதான் படபடன்னு அடிச்சிட்டு இருக்கு. வளைவுல ஒரு பஸ் தலையைக் காட்டிச்சு. காலை எடுத்து, பின்னால வாங்கி, ஓரமா நிறுத்தினேன். ஏசி வழியா கருகின வாடை.

உறுத்துறது அது இல்ல. மேப் போட்ட அன்னைக்கு அந்தப் பையன் கேட்டான், “அண்ணே, கியர்பாக்ஸுக்கும் சேத்து எழுதிரட்டா?”ன்னு. ரேட்டைக் கேட்டுட்டு, “இன்ஜினுக்கு மட்டும் போதும்டே”ன்னு சொன்னேன். அவன் சரிண்ணேன்னு லேப்டாப்பை மூடிட்டான். சேத்துப் போட்டிருந்தா அன்னைக்கு அந்த பஸ்ஸுக்கு முன்னால ஏறிப் போயிருப்பனா? அத அறிஞ்சவங்க சொல்லணும். ஒங்களுக்கும் இப்பிடி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

குளச்சல் கப்பல்:

என் கதை கியர்பாக்ஸ் மட்டும். பிஎம்டபிள்யூ 330ஐ, 2017 மாடல், 252 குதிரை சக்தி, 350 நியூட்டன் மீட்டர் டார்க் (சுத்துற விசை), எட்டு கியர் இசட்எஃப் கம்பெனி கியர்பாக்ஸ். இன்ஜினைத் தொடல. ஊருக்கு லீவுல வந்தப்ப எக்ஸ்ஹெச்பிங்கிற கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரைப் போட்டுப் பாக்கலாம்னு தோணிச்சு. கியர் மாறுற வேகம், எந்த ஆர்பிஎம்ல மாறணும், உள்ள எண்ணெய் அழுத்தம் எவ்வளவு, இதெல்லாம் அது மாத்தும். போனுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு அடாப்டர், அவ்வளவுதான்.

ஜூன் மாசம், மழை. ஷெட்டுல நிறுத்தி, பேட்டரி சார்ஜரை வீட்டுக் கரண்டுல மாட்டி, எழுதத் தொடங்கினேன். 63 சதவீதம். தலைக்கு மேல ஓடின ஃபேன் பைய நிக்கத் தொடங்கிச்சு. கரண்டு போச்சு.

நான் மரைன் இன்ஜினியர். கப்பல்ல ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் ரெடியான்னு பாக்காம ஒரு சின்ன வேலைக்குக் கை வைக்க மாட்டேன். வீட்டுல வச்சு என் புத்தி எங்க போச்சுன்னு தெரியல. பேட்டரி 12.6ல இருந்து 12.2, 12.0ன்னு எறங்குது. ஃபேன் இறக்கை இன்னும் முழுசா நிக்கல, அதுக்குள்ள 11.9. எழுதுறது நின்னுச்சு. டேஷ்போர்டுல இருக்கிற எல்லா விளக்கும் ஒண்ணா எரிஞ்சுது, ஊர்ல திருவிழா மாதிரி. வீட்டுக்காரி ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, “கொன்னாச்சா?”ன்னு கேட்டா.

அண்ணன் வீட்டு இன்வெர்ட்டரைத் தூக்கிட்டு வந்து, சார்ஜரை அதுல மாட்டி, மறுபடி முதல்ல இருந்து எழுதினேன். ஏறிச்சு. கம்ப்யூட்டரை எழுப்பி விடுற பூட் பகுதி அழியாம இருந்தா பாதியில நின்னாலும் மறுபடி எழுத வழி இருக்கு, நமக்கு அந்த அதிர்ஷ்டம். அந்த ஃபேன் நின்னது மட்டும் இப்பவும் கனவுல வருது.

கியர் மாறுறது கொள்ளாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மாதிரி வித்தியாசம்.

மார்த்தாண்டம் 75:

தோவாளை அண்ணே, கோவிக்காதுங்க, நீங்க கேட்ட கேள்வியே தப்பு. கியர்பாக்ஸுக்கு எழுதலன்னு அழுறியளே, முதல்ல இன்ஜினுக்கு எழுதினது எப்பிடி எழுதினான்னு பாத்தியளா?

என் கதை சின்னது. போலோ ஜிடி டிஎஸ்ஐ, 105 குதிரை, 175 நியூட்டன் மீட்டர். ஒருத்தன் லேப்டாப்போட வீட்டுக்கே வந்து எழுதினான். மூணு மாசம் கழிச்சு, வாரண்டி இருக்கிற நம்பிக்கையில சர்வீஸ் சென்டர்ல விட்டேன். கம்பெனி சர்வர்ல மாட்டின உடனே டிடி1ன்னு ஒரு கொடி விழுந்துச்சு, சாஃப்ட்வேரை மாத்தியிருக்குங்கிறதுக்கு அடையாளம். கவுண்டர்ல இருந்த பொண்ணு ஸ்கிரீனை என் பக்கமா திருப்பி, “சார், இது என்ன?”ன்னு கேட்டா. எனக்கு வாய் வரல. அவங்க மேல குத்தம் இல்ல, குத்தம் என்னுது. அவ்வளவுதான் கதை.

இப்ப விசயத்துக்கு வாறேன். இந்த ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி, டிகியூ200, அது தாங்குற அளவே 250 நியூட்டன் மீட்டர். ஒங்க ஆக்டேவியா ஒரிஜினலா தர்றதும் 250. மிச்சமே இல்ல. அதுல நீங்க 300க்கு மேல ஏத்தியிருப்பிய. இன்ஜின் கம்ப்யூட்டரும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் ஓயாம பேசிக்கிடும். “நான் இப்ப இத்தன டார்க் தாறேன்”னு இது சொல்லும், அதுக்குத் தக்கன அது கிளட்சை இறுக்கும். சில பேரு மேப் எழுதும்போது இந்தக் கணக்கை முறையாத் திருத்த மாட்டாங்க. இன்ஜின் 320 தரும், ஆனா கியர்பாக்ஸ்கிட்ட 250ன்னு பொய் சொல்லும். பாவம் அது 250க்குள்ள இறுக்கத்தைத்தான் குடுக்கும். வழுக்காம என்ன செய்யும்?

அதனால சாஃப்ட்வேர் வாங்கும்போது எத்தன குதிரைன்னு கேக்காதுங்க, லாக் கேளுங்க, அதாவது வண்டி ஓடும்போது கம்ப்யூட்டர்ல இருந்து எடுக்கிற பதிவு. போடுறதுக்கு முன்னால ஒண்ணு, போட்டப்புறம் ஒண்ணு. மூணாவது கியர்ல 2000ல இருந்து மேல வரைக்கும் ஒரே மிதி. அதுல நாலு சிலிண்டருக்கும் தனித்தனியா ஸ்பார்க் டைமிங் எவ்வளவு பின்னால இழுக்குதுன்னு பாருங்க. உள்ள போற காத்தோட சூடு பாருங்க. டர்போகிட்ட கேட்ட அழுத்தமும் வந்த அழுத்தமும் ஒட்டிப் போகுதான்னு பாருங்க. நம்ம ஊர் உப்புக் காத்துலயும் புழுக்கத்துலயும் பகல் ஒரு மணிக்கு எடுத்த லாக்குதான் லாக்கு. ராத்திரி பத்து மணிக்கு நாகர்கோவில் பைபாஸ்ல எடுத்துக் காட்டினா எல்லா வண்டியும் நல்லாத்தான் தெரியும். அப்புறம் ஒங்க வண்டியோட ஒரிஜினல் ஃபைலை ஒங்க கையில வாங்கி வச்சுக்கிடுங்க. திரும்ப ஒரிஜினல் ஏத்தினாலும் எத்தன தடவ எழுதினாங்கங்கிற கணக்கு உள்ள கெடக்கும், அது வேற. இன்சூரன்ஸ்காரன்கிட்ட சொல்லாம ஓட்டினா நாளைக்கு ஒரு மோதல்ல கை விரிச்சிருவான். வண்டியில மாத்தம் செய்யுறதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவையும் ஒருதடவ வாசிங்க.

இன்னும் எழுதலாம், கை வலிக்கு.

ரப்பர் தோட்டம்:

யாரு கேட்டா இவ்வளவும்? கதை நாலு வரி, உபதேசம் நாப்பது வரி.

ஒண்ணு மட்டும் சொல்லுகேன். இங்க பாதிப் பேரு வாங்குற மேப்பு ஐரோப்பாக்காரன் 98 ஆக்டேன் ஊத்தி டைனோவுல, பவர் அளக்குற மெஷின்ல, வச்சு எழுதினது. நம்ம குலசேகரம் பெட்ரோல் பங்குல தெனமும் அடிக்கிறது அதுவா? இப்ப இ20 வேற, 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் சேர்ந்தா நாக்கிங், அதாவது நேரங்கெட்டு வெடிச்சு இன்ஜின் தட்டுறது, குறையும், அது நல்லதுதான். ஆனா அதே காத்துக்கு அதிகம் எண்ணெய், அதாவது எரிபொருள், வேணும். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து, எத்தனாலுக்கு 9தான். பழைய பெட்ரோலுக்கு எழுதின மேப்புல வண்டி தானா எண்ணெயைக் கூட்டிக் கூட்டிச் சரிக்கட்டும். சாதாரணமா ஓட்டினா தெரியாது. ஸ்டேஜ் 1ல முழுசா மிதிக்கும்போது பெட்ரோல் தள்ளுற ஹை பிரஷர் பம்புக்கு மூச்சு முட்டும். என் வண்டியில பேச்சிப்பாறை ஏத்தத்துல அதுதான் நடந்துச்சு. அணைக்கு அந்தப் பக்கம் ஒரு வளைவு உண்டு, அங்க வச்சு ரெண்டு தடவ முக்கிச்சு, மூணாவது தடவ செக் இன்ஜின் விளக்கு. கூட இருந்த மச்சினன் சாயா கிளாஸை மடியில கொட்டிட்டான். இன்னும் அவன் அத விட மாட்டான், கல்யாண வீட்டுல எல்லாம் சொல்லுவான்.

மேப்பு எழுதினவனைக் கூப்பிட்டேன். எந்தப் பெட்ரோலுக்குடே எழுதினன்னு கேட்டா அவனுக்கே தெரியல. வேற எவனோ எழுதின ஃபைலை காசு குடுத்து வாங்கி எனக்கு ஏத்தியிருக்கான்.

முட்டம் அலை:

நான் மேப் எழுதவே இல்ல, ஆனா எழுதணும்னு போனேன். விர்ட்டஸ் ஜிடி, 1.5, 150 குதிரை, 250 நியூட்டன் மீட்டர். அதே டிகியூ200. காசும் எடுத்துட்டு, காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பினேன். மேப் எழுதுறவர் முதல்ல லாக் எடுத்தாரு. பத்து நிமிசம் ஸ்கிரீனையே பாத்தாரு. ஒண்ணும் பேசல. எனக்கு ஆஸ்பத்திரியில ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு ஒக்காந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் சொன்னாரு, “தம்பி, மூணாவது சிலிண்டர்ல ஒரிஜினல் மேப்புலயே டைமிங் இழுக்கு. பிளக்கை மாத்துங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க”. காசு வாங்கல.

பிளக்கை மாத்தினேன், வண்டி நல்லா இருக்கு. ஆறு மாசம் தாண்டிட்டு. திரும்பப் போகணுமான்னு இன்னும் தெரியல. காசு வாங்காம அனுப்பினவரு மேல ஒரு பயம் வந்துட்டு, அதான் நெசம்.

குளச்சல் கப்பல்:

மார்த்தாண்டம், நீங்க சொன்ன பொய்க் கணக்கு சரிதான். ஆனா அதுக்குக் கியர்பாக்ஸ் மேப்பு தீர்வு இல்லன்னு நீங்க எங்கயும் சொல்லலியே. உலர் கிளட்சுல சாஃப்ட்வேர் இறுக்கத்தைக் கொஞ்சம் கூட்டலாம், அந்தக் கிளட்ச் தட்டு புதுசா இருக்கும்போது. தேய்ஞ்ச தட்டுல என்ன எழுதினாலும் தட்டு தட்டுதான். ஆறு கியர் ஈர கிளட்ச், பழைய ஆக்டேவியா விஆர்எஸ்ல வந்தது, அது எண்ணெய்க்குள்ள முங்கிக் கெடக்குறதனால சூடு தாங்கும். அதுல இன்ஜினுக்கும் பெட்டிக்கும் சேத்து எழுதினா அர்த்தம் உண்டு, 60,000 கிலோமீட்டருக்கு ஒருக்க எண்ணெய் மாத்தினா. ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட எழுதணும். இன்ஜின் ஒருத்தன், பெட்டி ஒருத்தன்னா, வழுக்கும்போது ரெண்டு பேரும் மத்தவனைக் கை காட்டுவான்.

இங்க பிஎம்டபிள்யூக்காரங்க யாராவது இருந்தா: 2020 ஜூனுக்குப் பிறகு வந்த பல வண்டியில இன்ஜின் கம்ப்யூட்டர் பூட்டித்தான் வருது. வாங்கின சாஃப்ட்வேர் கையில இருக்கும், வண்டியில ஏறாது. முதல்ல தயாரிப்பு தேதியைப் பாத்துட்டுக் காசு கட்டுங்க.

மார்த்தாண்டம் 75:

நான் சொல்லலியா? மேல போய் வாசிங்க. “மிச்சமே இல்ல”ன்னு எழுதியிருக்கேன். அதுக்கு என்ன அர்த்தம்?

அப்புறம் தோவாளை அண்ணே, எதிர்ல ரோடு காலின்னு இப்பிடி ஏறாதுங்க. இழுத்துப் பாக்கணும்னா கோயம்புத்தூர்ல கரி ரேஸ் ட்ராக் இருக்கு, இருங்காட்டுக்கோட்டை இருக்கு.

ரப்பர் தோட்டம்:

வந்தாச்சு அடுத்த உபதேசம்.

தோவாளைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மார்த்தாண்டம் சொன்னதுல கோவம் ஒண்ணும் இல்ல, ட்ராக் விசயத்துல ஒரு வார்த்தை மறுக்க எனக்கு யோக்கியதை இல்ல.

அன்னைக்கு நடந்ததுக்கு அப்புறம் ஒரு கூட்டாளியோட விசிடிஎஸ் கேபிளை, வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிறது, வாங்கி லாக் எடுத்தேன், பகல்லதான். மார்த்தாண்டம் சொன்ன அதே சங்கதி. காத்து எவ்வளவு உள்ள போகுதுங்கிற கோடு மேல ஏறிட்டே போகு. கியர்பாக்ஸுக்குச் சொல்லுற டார்க்குக் கோடு 250க்குக் கீழேயே கயிறு கட்டின மாதிரி நேரா படுத்துக் கெடக்கு. ரெண்டு கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தா ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட வெளங்கும். அந்தப் பையன் ரெண்டாவது தடவ கேக்காததுக்குக் காரணம் இதுதானோன்னு ஒரு நினைப்பு. பெட்டிக்கு எழுதியிருந்தா அந்தப் பொய் அவனுக்கே வெளிய வந்திருக்கும். இல்ல, அவனுக்கும் தெரியாதோ என்னவோ. இப்ப அவன் துபாய்ல, நம்பர் மாத்திட்டான்.

கிளட்சு ரெண்டும் மாத்தினேன், ஒரிஜினல் ஃபைலை ஏத்திட்டேன். அந்த ஃபைல் எப்பிடிக் கெடச்சுதுங்கிறது தனிக் கதை, ஒரு வாரம் நாயா அலைஞ்சேன். முப்பந்தல்ல இறக்கை வண்டி முன்னால வந்தா பின்னாலேயே போறேன், காவல்கிணறு வரைக்கும் போனாலும் சரி.

குளச்சல் கப்பல்:

பழைய தட்டைப் பாத்தியளா? சூட்டுல நீலம் பாஞ்சிருந்துச்சா?

தோவாளைக்காரன்:

நல்ல நீலம், மயில் கழுத்து மாதிரி. வீட்டுக்குக் கொண்டு வந்தேன், வெயிட்டுக்குக் கொள்ளாம்னு அம்மா எடுத்து மாங்கா ஊறுகாய்ப் பரணி மேல வச்சிருக்கா.