‘ப்ராத்தி’ என்ற குரோஷிய வினையின் பொருளும் அதன் திரிபுகளும்

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். குரோஷியாவில் திராட்சைத் தோட்ட வேலைக்குச் செல்ல ஆயத்தமாகி, அந்நாட்டு மொழியை நானாகவே படித்து வருகிறேன். ‘பறித்தல்’ என்பதற்கு அகராதியில் ‘ப்ராத்தி’ என்று இருக்கிறது. பாடத்திலோ ‘பறிக்கிறேன்’ என்பதற்கு ‘பெரெம்’ என்று வருகிறது. இரண்டும் ஒரே வினையா? ‘உப்ராத்தி’ என்ற சொல்லையும் கண்டேன். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில் (பண்டாரவளை):
சகோதரி, ஒரே வினைதான். நம்முடைய ‘வா’ என்பது ‘வருகிறேன்’, ‘வந்தேன்’ என்று அடி மாறுவதைப் போல, ‘ப்ராத்தி’ நிகழ்காலத்தில் ‘பெர்’ என்று மாறிவிடுகிறது: பெரெம் (பறிக்கிறேன்), பெரெஷ் (பறிக்கிறாய்), பெரெ (பறிக்கிறான், பறிக்கிறாள்), பெரெமோ (பறிக்கிறோம்), பெரெத்தே (பறிக்கிறீர்கள்), பெரு (பறிக்கிறார்கள்). தோட்டத்தில் உங்கள் குழுவை வேலை ஏவுபவர் ‘பெரித்தே’ என்பார். ‘பறியுங்கள்’ என்று பொருள்.

இறந்தகாலத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். தமிழில் ‘பறித்தேன்’ என்று ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே சொல்கிறோம். அங்கே ஆண் ‘ப்ராஓ ஸம்’ என்றும் பெண் ‘ப்ராலா ஸம்’ என்றும் சொல்ல வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கும் குழு ‘ப்ராலே ஸ்மோ’ என்று சொல்லும். நம் மலைகளில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அம்மொழி பேசினால், அந்த வடிவம்தான் நாள்தோறும் அவர்கள் வாயில் வரும்.

பதில் (நுவரெலியா):
‘உப்ராத்தி’ பற்றி நான் சொல்கிறேன். சேர்பியரும் குரோஷியரும் பேசும் இம்மொழியில் வினைகள் பெரும்பாலும் இணைகளாக வரும்: ‘ப்ராத்தி’ நடந்துகொண்டிருக்கும் பறிப்பு, ‘உப்ராத்தி’ பறித்து முடித்த செயல். ஆகவே ‘இப்போது பறித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஸாத் பெரெம்’ என்றே சொல்ல வேண்டும்; அங்கே ‘உபெரெம்’ பொருந்தாது. ‘காத் உபெரெம்’ என்று ‘பறித்துவிட்டதும்’ என்ற பொருளில் அது வரலாம். கூடை நிறையத் தேவையான அளவு பறிப்பது ‘நாப்ராத்தி’. ஒரு தோட்டத்தில் காயொன்றும் மிச்சமில்லாமல் பறித்துத் தீர்ப்பது ‘ஒப்ராத்தி’. முன்னொட்டு ஒவ்வொன்றும் வேலையின் முடிவை வேறுவிதமாகக் காட்டுவதால், இவற்றை வினையோடு சேர்த்தே மனனம் செய்வது நல்லது.

பதில் (பண்டாரவளை):
உச்சரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே முதலெழுத்தை ‘பஸ்’ என்பதில் ஒலிப்பது போல் ஒலிக்க வேண்டும். ‘பல்’ என்பதில் போல் வல்லினமாக ஒலித்தால் ‘கழுவுதல்’ என்ற வேறு வினையாகிவிடும். அதுவும் இதே முறையில் திரிவதால் குழப்பம் எளிதில் நேரும். ‘பறிப்பேன்’ என்பது ‘ப்ராச்சு’. குரோஷியர் அதை இரு சொல்லாகவும் சேர்பியர் ஒரு சொல்லாகவும் எழுதினாலும் ஒலி ஒன்றே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் கணவரும் உடன் வருகிறார். நாங்கள் இருவரும் பறித்ததை எப்படிச் சொல்வது?

பதில் (நுவரெலியா):
குழுவில் ஓர் ஆண் இருந்தாலும் ஆண்பால் பன்மைதான் வரும்: ‘ப்ராலி ஸ்மோ’.