குளம் தூர்வாரும் முன் உப்பைப் பார்க்கணும்

எல்லோருக்கும் வணக்கம்.

"இப்பத்தான் சாயத்தண்ணி வர்றதில்லையே, குளத்தைத் தூர்வாரினால் போதாதா" என்று துபாயிலிருந்து தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் நம்ம நிலத்தைக் கெடுத்ததில் சாயத்தைவிட உப்புக்குத்தான் பெரிய பங்குங்க.

80களில் திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதி சூடு பிடித்து, வெளிநாட்டுக்காரன் கலர் துணி கேட்கவும், நொய்யல் ஓரமெல்லாம் சாயப்பட்டறையும் சலவைப்பட்டறையும் முளைத்தன. நம்ம ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் விஞ்ச் (துணிக்குச் சாயம் ஏற்றும் இயந்திரம்) ஓட்டப் போனோம். அடர் நிறம் ஏறணும்னா லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புக் கொட்டணும். 100 கிலோ துணிக்கு 1,000 லிட்டர் தண்ணி பிடித்தால் ஒரே தடவைக்கு மூட்டைக்கு மேலேயே ஆகிவிடும். அந்த உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளுமே தவிர, தான் துணியில் நிற்காது. அத்தனையும் சாக்கடை வழியாக ஆற்றுக்குத்தான்.

90களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நிறம் போச்சு, கசடு மலையாகக் குவிந்தது, உப்பு மட்டும் அப்படியே. பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணி தேங்கி, சுற்றுவட்டக் கிணறுகளுக்குள் ஊறியது. எங்க தோட்டத்தில் இளநீரே கரித்தது, மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையை உதறும்.

கழிவு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று உயர்நீதிமன்றம் 2006இலேயே சொல்லியும் வேலை நடக்காமல், 2011 ஜனவரியில் எல்லாப் பட்டறையையும் மூடச் சொன்னது. ஆர்.ஓ. சவ்வில் தண்ணியை வடிகட்டிப் பிரிப்பது, மிச்சத்தைக் காய்ச்சி உப்பை மீட்பது எல்லாம் அதற்கப்புறம்தான் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அந்தச் செலவைத் தாங்காமல் சின்னப் பட்டறைக்காரர்கள் பலர் ஒடிந்தார்கள், நம்ம மாமன் மச்சான்களும் அதில் உண்டு. அவர்களை மட்டும் திட்ட எனக்கு மனசு வராது. விலையை அடித்துப் பேசிய வெளிநாட்டுக்காரனிடம் யார் கேட்டது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூர்வாருவதற்கு வசூலை ஆரம்பிக்கும் முன்னால் குளத்து மண்ணையும் நாலைந்து கிணற்றுத் தண்ணியையும் சோதனைக்குக் கொடுப்போம். பொதுவாகக் கழிவுநீரை வெளியே விடுவதற்கே டி.டி.எஸ். (தண்ணியில் கரைந்திருக்கும் உப்பு வகைகளின் மொத்த அளவு) வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான், நம்ம கிணறு அதைத் தாண்டினால் தூர்வாருவதோடு வேலை முடியாது. ஐப்பசி மழை முடிந்த கையோடு எடுத்தால் நல்லதாகத்தான் காட்டும், அதனால் சித்திரையிலும் ஒருமுறை எடுக்கணும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் சொல்லுங்க. பாட்டிலில் எந்தக் கிணறு, என்ன தேதி என்று மறக்காமல் எழுதி ஒட்டிடுங்க.